கேமராவுக்குப் பின்னால் நின்றவன்

ஒரு பழைய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தர அந்தக் கடைக்காரன் கேட்ட தொகையைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்குக் கடையின் கண்ணாடிக் கதவு என் கையோடு வந்திருக்க வேண்டும். “கேசட்டுக்குச் சொல்றீங்களா, கடையையே விக்கிறீங்களா?” என்று கேட்டேன். அவன் சிரிக்கக்கூட இல்லை. “வெளிய விசாரிச்சுப் பாருங்க மேடம்” என்றான். விசாரித்தேன். எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல அதையேதான் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கேசட் கிடக்கிறது. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். போங்கடா, நானே செய்துகொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அவசரம் அம்மாவுடையது. அவளுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதில் நடுப்பகுதி கெட்டு, ஓரம் மட்டும்தான் தெரிகிறது. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதைத் தாண்டி இருக்கும் சுவரைப் பார்ப்பாள். அப்போதுதான் என் முகம் அவளுக்குக் கிடைக்கும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், தங்கள் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த ஓரமும் மங்கிக்கொண்டே வரும், எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார் கண் டாக்டர். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்ததும், “அப்ப அதுக்குள்ள அவன் முகத்த ஒரு தடவ பாத்துடணும்” என்றாள்.

அவன் என்றால் என் அண்ணன். வேறு யாரையும் அம்மா பெயரோ உறவோ சொல்லாமல் ‘அவன்’ என்று சொல்ல மாட்டாள். காய்ச்சலில் அவன் போனபோது அவனுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஆறு. அவன் முகம் எனக்கும் நினைவில் இல்லை. உயரமாக ஒரு உருவம், என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளும் கை, அவ்வளவுதான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வீட்டில் அவனுடைய பள்ளிக்கூட போட்டோ ஒன்று இருந்தது. அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தார். ஒரு நாள் சட்டையோடு சேர்த்து அதையும் துவைக்கப் போட்டுவிட்டார்கள். போட்டோ கூழாகி வந்தது. அன்றிலிருந்து அப்பா சட்டைப் பையில் எதையும் வைத்ததில்லை.

போட்டோ ஏன் ஒன்றே ஒன்று என்றால், எதையும் எடுக்கிறவன் அவன்தான். அம்மாவின் தம்பி, என் மாமா, விசேஷ வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவர். வேலை இல்லாத நாட்களில் கேமராவை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போவார். அண்ணன் அதைத் தோளில் தூக்கிவைத்தால் இறக்க மாட்டான். அப்பா ஷேவ் செய்வது, அம்மா ஈரத் துணி பிழிவது, நான் மூக்கு நோண்டுவது எல்லாம் படத்தில் உண்டு. அவன் மட்டும் கிடையாது. ஆனால் ஒரே ஒரு தடவை மாமா கேமராவைப் பிடுங்கி அவனை எடுத்தார் என்று அம்மா அடித்துச் சொன்னாள். கையால் முகத்தை மூடிக்கொண்டானாம். பிறகு சிரித்துக்கொண்டே கையை எடுத்தானாம். அது எந்தக் கேசட் என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

கேசட்டை ஓட்டுகிற டெக்கை வாங்கியது குறடு என்று எல்லாரும் கூப்பிடும் ரிப்பேர்க்காரரிடம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குறடு துருத்திக்கொண்டிருக்கும், அதனால் அந்தப் பெயர். “மேல்மூடி இல்ல, ரிமோட் இல்ல, ஆனா மனசு தங்கம்க்கா” என்று டெக்கைத் தட்டிக் காட்டினார். கட்டைவிரல் அளவு குச்சி ஒன்றும் அவரிடமே கிடைத்தது. அதன் ஒரு முனையைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர் டெக்குக்குப் போகும். கம்ப்யூட்டர், பள்ளிக்கூட ஆபீசில் தூக்கிப் போட வைத்திருந்தது. கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள். குப்பை வண்டியைக் கூப்பிடுகிற வேலை அவர்களுக்கு மிச்சம்.

இதில் குறுக்குவழி எதுவும் கிடையாது. கேசட் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் ஓடித்தான் கம்ப்யூட்டரில் ஏறும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கியதிலிருந்து மாலையில் மறுபடி ஏற்றப் போகிறவரை என்னுடைய நேரம். டெக்கிலிருந்து ஏரியல் ஒயர் ஒன்றை டிவிக்கும் இழுத்துவிட்டேன். டிவிக்குப் பக்கத்தில் சோபாவை இழுத்துப் போட்டு, அம்மா முகத்தை ஒருக்களித்துக்கொண்டு பார்ப்பாள். நான் கம்ப்யூட்டரில் சத்தத்தின் அளவுமுள் குதிக்கிறதா என்று பார்ப்பேன். என் வீட்டுக்காரர் குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறார். வந்ததும், “என்ன நண்டு, இன்னிக்கு எந்தப் பிசாசக் கம்ப்யூட்டர்ல ஏத்துன?” என்பார். நண்டு என்பது அண்ணன் எனக்கு வைத்த பெயர். குழந்தையில் பக்கவாட்டில் தவழ்வேனாம். கல்யாணத்துக்குப் பிறகு அதை இவர் பிடித்துக்கொண்டார்.

கேசட்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. மாமா தொழில்காரர், எடுத்து முடித்த கையோடு உடைத்துவிடுவார். அப்பாவுக்கு வயிறு எரியும். ஒரு முழுக் கேசட்டைச் சும்மா மூடி வைப்பதாவது! உடைந்த இடத்தில் ஒட்டும் டேப்பை ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து, எல்லாக் கேசட்டிலும் ஒட்டிவைத்தார். சிலவற்றின்மேல் கிரிக்கெட்டையும் பதிவு செய்தார். அதனால் எங்கள் வீட்டுப் படங்களில் நான் கேக் வெட்டக் கத்தியை ஓங்கினால் யாரோ ஒருவன் பந்தை அடிப்பான்.

முதல் சில நாட்கள் சந்தோஷமாகத்தான் போயின. அப்பா மறுபடி ஷேவ் செய்தார். அம்மா மறுபடி துணி பிழிந்தாள், இளமையாக, பல்வரிசையெல்லாம் தெரிய. அண்ணன் எடுப்பதில் ஒரு வழக்கம் இருந்தது. எதை எடுத்தாலும் காலிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே வந்து முகத்தில் நிற்பான். படம் எப்போதும் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். குரல் மட்டும் கேட்கும். “அம்மா, இங்க பாரு.” “நண்டு, இங்க பாரு.” நாங்கள் பார்ப்போம். அவனைப் பார்த்துச் சிரிப்போம். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது நேராக என்மேல் வந்து விழுந்தது. எனக்கென்னவோ அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மற்றவருக்கு வந்ததை எடுத்துக்கொள்கிற மாதிரி.

பிறகு அந்த வீடு மாற்றிய கேசட் வந்தது.

லாரி நிற்கிறது. படம் அதன் சக்கரத்திலிருந்து தொடங்கி மேலே வருகிறது. அப்பா அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்திருக்கிறார். மறுபக்கம் மாமா, “மெதுவா, மெதுவா” என்று கத்துகிறார். அம்மா அடுப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். நான் சுருட்டிய மெத்தைமேல் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்பற்கள் விழுந்து புதிதாக முளைத்துப் பெரிதாக இருக்கின்றன. படம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. “நண்டு, இங்க பாரு” என்கிறது குரல். கரகரவென்று, பையன்களுக்குக் குரல் உடைகிற வயதில் இருக்குமே, அப்படி. மெத்தைமேல் இருக்கும் நான் நிமிர்ந்து பார்த்து நாக்கைத் துருத்துகிறேன்.

எனக்குக் கையிலிருந்த டீ ஆறிப்போனதே தெரியவில்லை. அந்த வீட்டுக்கு நாங்கள் போனது அண்ணன் போன பிறகு. அவன் இருந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் மாறினோம். அப்பா படத்தில் இருக்கிறார், மாமா படத்தில் இருக்கிறார், அம்மாவும் நானும் இருக்கிறோம். கேமராவைப் பிடித்திருந்தது யார்?

“ஏம்மா, இத யார் எடுத்தது?”

“அவன்தான்” என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடி.

“அவன் போனதுக்கு அப்புறம்மா இது.”

“ஆமா.”

“என்ன ஆமா?”

“காலுலேருந்துதான ஆரம்பிக்குது? வேற யாரு அப்படி எடுப்பா?” என்று சொல்லிவிட்டு, “கொஞ்சம் சத்தமா வைடி” என்றாள்.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கண்ணோடு சேர்ந்து நினைவும் குழம்புகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பையன் எவனாவது எடுத்திருப்பான். தெருவே என்னை நண்டு என்றுதான் கூப்பிடும். கேட்கலாமென்றால் அப்பாவும் இல்லை, மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சமாதானம் சொல்லிக்கொண்டாலும் அன்று மாலை வேன் ஓட்டும்போது உள்ளே பார்க்கும் கண்ணாடியைப் பின்சீட்டுத் தெரியாதபடி திருப்பிவிட்டேன். பின்னால் ஒரு வண்டி நிறையக் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் பயமாகத்தான் இருந்தது.

பெட்டியில் கடைசியாகக் கிடந்தது பூஞ்சை பிடித்த ஒரு கேசட். மேலெல்லாம் வெள்ளையாக மாவு தூவியது போல. நான் அதைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன். மற்ற எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் மாமா கேமராவைப் பிடுங்கிய இடம் எதிலும் இல்லை. இருந்தால் இதில்தான் இருக்க வேண்டும். குறடிடம் காட்டினேன். “டேப் நைஞ்சு போயிருக்குக்கா. ஒரு தடவ ஓடுனாப் பெருசு. ஹெட்ட நல்லாத் தொடைச்சுட்டு ஓட்டுங்க” என்றார்.

அதன்படியே செய்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் டெக்கின் ஒயரையெல்லாம் உருவி, மேசைமேல் வைத்து, வெள்ளைக் காகிதத்தை ஸ்பிரிட்டில் நனைத்து, டேப்பைப் படிக்கிற ஹெட்மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையை விரலால் மெதுவாகச் சுற்றினேன். காகிதம் கறுப்பாக வந்தது. வெளுப்பாக வரும்வரை துடைத்தேன். டெக்கை மறுபடி டிவி மேசையின் அடித்தட்டில் தள்ளி, கையை மட்டும் பின்னால் விட்டுத் தடவித் தடவியே ஒயர்களைச் செருகினேன். மஞ்சளுக்கு மஞ்சள், சிவப்புக்குச் சிவப்பு. அம்மா தலைசீவி, நல்ல உடுப்பு மாற்றிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். யாரோ விருந்தாளி வருகிற மாதிரி.

ஓடவிட்டேன். டிவியில் பொரிப்பொரியாக வந்து, பிறகு தெளிந்தது. எங்கள் பழைய வீட்டுப் பின்கட்டு. படம் மாமாவின் செருப்பிலிருந்து மேலே ஏறி முகத்துக்கு வந்தது. “போதும்டா எங்கள எடுத்தது. கொடு இங்க, உன்ன எடுக்கறேன்” என்று மாமா கையை நீட்டினார். படம் குலுங்கி, வானம் தெரிந்து, மண் தெரிந்தது.

“இதான்! இதான்டி!” என்றாள் அம்மா.

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது. டிவியில் ஓடுவது கம்ப்யூட்டருக்குப் போகவே இல்லை. சட்டென்று டெக்கை நிறுத்திவிட்டேன்.

“ஏன்டி நிறுத்துன?”

“பதிவாகலம்மா. ஒரு தடவதான் ஓடும்னு சொல்லியிருக்கார். வீணா ஓட்டிட்டு, கம்ப்யூட்டர்ல ஏத்தாம விட்டுட்டா?”

“நான் பாக்கறேனே. அது போதாதா?”

“சும்மா இரும்மா. இப்ப சரிபண்ணிடறேன்.”

பார்க்கவிட்டிருக்கலாம். அந்த ஒரு நிமிடம் கம்ப்யூட்டர் நாசமாய்ப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். சிக்கனம் பிடித்த வீட்டில் பிறந்த புத்தி, எதையும் இரண்டு தடவைக்கு ஆக வேண்டுமே என்றுதான் பார்க்கிறது. கம்ப்யூட்டரில் பதிவு என்று இருந்ததை அழுத்தினேன். கறுப்பு. குச்சியைப் பிடுங்கிச் செருகினேன். கறுப்பு. கோபம் தலைக்கு ஏறியது. டெக்கிலும் பதிவுக்கென்று ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. ஒருவேளை இரண்டு பக்கமும் சொன்னால்தான் கேட்குமோ என்று அதையும் பிளேயையும் சேர்த்து அழுத்தினேன். நாக்கு உடைந்த கேசட்டில் எதுவும் அழியாது என்ற மாமாவின் பாடம் மண்டையில் இருந்தது. அப்பா ஒட்டிய டேப்போ அந்தக் கேசட்டின் முதுகிலேயே இருந்தது. வேறு எந்த வீட்டுக் கேசட்டாக இருந்தாலும் டெக் அதை வெளியே துப்பியிருக்கும்.

டெக் ஓடுகிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் இன்னும் கறுப்பு. ஒயரில்தான் கோளாறு என்று மேசைக்கு அடியில் தலையை விட்டு, போனின் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, அறைக்கு முதுகைக் காட்டியபடி மண்டியிட்டேன். மேலே டிவி என்ன காட்டுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா பேசுவது கேட்டது.

“கைய எடுடா. மூடாத. எடு.”

அப்பாடா என்று இருந்தது. படம் ஓடுகிறது, அவள் பார்க்கிறாள். கம்ப்யூட்டரில் ஏறாவிட்டால் தொலையட்டும்.

“இப்படி வா. அம்மாவுக்கு நடுவுல தெரியாதுடா. ஓரமா நில்லு. ஆ... அங்கதான்.”

டிவியோடு பேசுகிறாளே என்று சிரிப்பு வந்தது. சிரித்தால் டார்ச் விழுந்துவிடும். டெக்கின் முதுகில் மேல்வரிசை, கீழ்வரிசை என்று ஒரே நிறத்தில் இரண்டு வரிசைத் துளைகள் இருந்தன. ஒன்று உள்ளே வாங்க, மற்றது வெளியே அனுப்ப. அதைப் படிக்கத்தான் முயன்றுகொண்டிருந்தேன்.

“நண்டு” என்று பின்னால் குரல் கேட்டது.

வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“நண்டு, இங்க பாரு.”

“ம்ம்” என்றேன், டார்ச்சைக் கவ்வியபடி.

“ஒரு தடவ திரும்பேன்.”

டார்ச்சைத் துப்பிவிட்டுக் கத்தினேன். “மனுஷி உயிர் போற வேலையா இருக்கேன், இப்பத்தான் வெளையாட்டு! அந்தாண்ட போங்க!”

பின்னால் லேசாக ஒரு சிரிப்பு, ஏதோ முணுமுணுப்பு. அவ்வளவுதான். நான் கீழ்வரிசையைப் படித்தேன். மூன்று ஒயரையும் உள்ளே வாங்குகிற துளையில் செருகிவைத்திருந்தேன். அப்படியானால் டெக் கம்ப்யூட்டருக்கு எதையும் அனுப்பவில்லை. அப்படியானால் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தியபோது...

தலையை மேசையில் இடித்துக்கொண்டு எழுந்தேன். டிவி முழுக்க நீலம். டெக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறுத்துத் தள்ளுகிற மாதிரி நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அறையில் அம்மாவைத் தவிர யாருமில்லை. அவள் டிவியைப் பார்க்கவில்லை. நான் மண்டியிட்டிருந்த இடத்துக்கும் சோபாவுக்கும் நடுவில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அழிச்சுட்டேன்மா” என்றேன். “அவன் மூஞ்சிய நானே அழிச்சுட்டேன்.” கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓவென்று அழுதேன்.

“என்னத்த அழிச்ச? போட்டுப் பாரு” என்றாள்.

பின்னால் ஓட்டிப் போட்டேன். மாமா கையை நீட்டினார். வானம், மண். படம் ஒரு தடவை வெட்டியது. அதற்குப் பிறகு நீலம்தான் வர வேண்டும். குச்சியிலிருந்து டெக்குக்கு எதுவும் போகாது, அதற்கு அனுப்பத் தெரியாது.

இரண்டு கால்கள் வந்தன. வீங்கிய பாதம், நரம்பு தெரியும் கணுக்கால், பெருவிரலில் நான் போன வாரம் ஒட்டிய பிளாஸ்திரி. படம் மெதுவாக மேலே ஏறியது. நல்ல உடுப்பு, மடியில் கோத்திருந்த கைகள், சீவிய நரைமுடி. அம்மா, இன்றைய அம்மா, இந்தச் சோபாவில். படம் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

“அம்மா, இங்க பாரு” என்றது, மேசைக்கு அடியில் எனக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்த ஒரு குரல். அது பையன் குரல் இல்லை. ஐம்பது வயது ஆணின் குரல்.

படத்திலிருந்த அம்மா கையை எடுக்கச் சொன்னாள். ஓரமாக நிற்கச் சொன்னாள். படம் குலுங்கி அவள் சொன்ன பக்கத்துக்கு நகர்ந்து நின்றது. அவள் வாய் விட்டுச் சிரித்தாள். நான் கடைசியாக அவள் அப்படிச் சிரித்துப் பார்த்தது துணி பிழிகிற படத்தில்.

பிறகு படம் திரும்பியது. மேசைக்கு அடியில் என் முதுகு. செருப்பில்லாத என் உள்ளங்கால்களிலிருந்து தொடங்கி மேலே வந்தது. மேலே முகம் இல்லை, மேசைப் பலகைதான் இருந்தது. “நண்டு” என்றான். காத்திருந்தான். ஒரு அடி கிட்டே வந்தான். “நண்டு, இங்க பாரு” என்றான். என் சட்டையின் தையல் தெரிகிற அளவுக்குக் கிட்டே. “ஒரு தடவ திரும்பேன்.” நான் கத்தினேன். அவன் சிரித்தான். “சரி சரி, வேலையப் பாரு” என்றான், யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாத மாதிரி. படம் தரைக்குத் தாழ்ந்து, எங்கள் வீட்டுத் தரை ஓடுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து, நீலமானது. நீலம் முடிந்ததும் பழைய பின்கட்டு வந்தது. “அவ்வளவுதான்டா. சிரிச்சது போதும், இந்தா உன் கேமரா” என்றார் மாமா.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். “வீட்டுக்கு வந்தீங்களா?” “நான் இங்க கிடங்குல வெறைச்சுப்போய் நிக்கறேன், எங்க வர்றது?” என்றார்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பயம் இருந்தது. அதைவிடப் பொறாமை இருந்தது, பெற்ற தாய்மேல்.

“பாத்தியாம்மா?”

“பாத்தேன். நல்லாப் பாத்தேன்.” மூச்சு விட்டாள். “போதும்டி. இனிமே இந்தக் கண்ணு எப்ப வேணா போகட்டும்.”

“எப்படி இருந்தான்?”

“வயசாயிடுச்சு. முன்னாடி முடி கொட்டிப்போச்சு. மீச வச்சிருக்கான், அதுவும் நரைச்சிருக்கு. உங்கப்பா சாயல்தான், ஆனா கன்னத்துல உன்ன மாதிரி குழி விழுது.”

“நான் பாக்கலயேம்மா!” என்று கத்தினேன். “ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? திரும்புடின்னு ஒரு அதட்டு அதட்டக் கூடாதா?”

அம்மா என் காதுக்கு அப்பால் பார்த்தாள். அதாவது என் முகத்தைப் பார்த்தாள். “நீ அவன்கிட்ட எரிஞ்சு விழுந்ததப் பாத்து, ரெண்டு பேரும் தெனமும் இப்படித்தான் பேசிக்குவீங்க போலன்னு நெனச்சேன்” என்றாள். “சின்ன வயசுலயும் அவன் கூப்பிட்டா நீ அப்படித்தான் கத்துவ.”

அன்று வேனை நான் தாமதமாக எடுத்தேன். பிள்ளைகள் கேட்டில் வரிசையாக நின்று முறைத்தார்கள். மாலையில் வீட்டுக்காரர் அந்தக் கேசட்டைப் பார்த்தார். ஒரு கிண்டலும் செய்யவில்லை. எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒயரைச் சரியான வரிசையில் செருகி, அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. அம்மா அதைப் போடச் சொல்லிக் கேட்பதில்லை. இப்போது அவளுக்கு ஓரமும் தெரிவதில்லை. சோபாவில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. தினமும் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு இருந்து பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. கடையில், பெட்ரோல் பங்கில், பள்ளிக்கூட வாசலில், எங்கே யார் யாரைக் கூப்பிட்டாலும் முதல் சத்தத்துக்கே திரும்பிவிடுகிறேன். வீட்டுக்காரர் என்னை நண்டு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். பக்கத்தில் வந்து நின்று, என் கண்ணில் பட்ட பிறகுதான் பேசுகிறார். ஏன் என்று கேட்டேன். நான் ஆசையாகத் திரும்பி, இவர்தான் என்று தெரிந்ததும் என் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியவில்லையாம்.